பாதிச் சவரத்தில் ஓர் எண்டர்

வையாபுரி சலூனின் சுழல் நாற்காலியில் சாய்ந்து, கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணி போர்த்தி, இரண்டு கன்னத்திலும் நுரை பொங்க உட்கார்ந்திருந்த சென்னியப்பனுக்கு அந்தக் காலை வேளையில் உலகத்தின் மேல் ஒரு புகாரும் இல்லை. நாற்பத்தோரு வயதில் கல்யாணம், இன்னும் ஒன்பது நாள். ஈரோட்டில் அவனோடு படித்தவர்களின் பிள்ளைகளுக்கு மீசை முளைத்துவிட்டது, அவன் இப்போதுதான் மாப்பிள்ளை. அதனால் என்ன, கடைசியாக வருகிற பஸ்ஸில்தான் உட்கார இடம் கிடைக்கிறது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் செய்து, அதை ஆறு மாசமாகப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். கண்ணாடிக்குக் கீழே பலகையில், பவுடர் டப்பாவுக்கும் படிகாரக் கட்டிக்கும் நடுவில், அவனுடைய செல்போன் செத்துக் கிடந்து வையாபுரியின் சார்ஜரில் வாய் வைத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தது. வரும் வழியிலேயே உயிரை விட்டுவிட்டது. பரவாயில்லை, அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டுத்தான் செத்தது. எட்டரை மணிக்குக் கல்யாண அழைப்பிதழின் இணையப் பக்கத்தைச் சர்வரில் ஏற்றினான், எட்டு நாற்பதுக்கு லிங்கை அனுப்பினான், முதல் முதலாக ஒரே ஒரு ஆளுக்கு, கல்யாணப் பெண் கோகிலவாணிக்கு. அவள் பார்த்துச் சரி சொன்ன பிறகு, பன்னிரண்டு மணிக்கு அக்கா அதை ஊர் உறவு அத்தனைக்கும் அனுப்புவாள். கோகிலவாணி பத்து மணிக்குத்தான் பார்ப்பாள். கோபிக்குப் பக்கத்தில் பால் குளிரூட்டுகிற நிலையத்தில் அவள் பால் தரம் பார்க்கிறவள். காலைப் பால் வந்து முடிந்து, கேன்கள் கழுவி, கையைக் கழுவி, சேலை முந்தானையில் துடைத்துவிட்டுப் போனை எடுக்கப் பத்து ஆகும். சுவரில் இருந்த கடிகாரம் ஒன்பது ஐம்பத்திரண்டு காட்டியது. அது ஏழு நிமிஷம் முந்தி ஓடுகிற கடிகாரம். கடைக்கு வருகிறவர்கள் அவசரப்பட வேண்டும் என்று வையாபுரி அப்படி வைத்திருந்தார், ஆனால் அவர் கை மட்டும் எந்தக் கடிகாரத்துக்கும் அவசரப்பட்டதில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நகை பற்றிப் பேசவில்லை, மண்டபம் எது என்று கேட்கவில்லை, சேலை என்ன நிறம் என்றதற்கு உங்க அக்காவுக்குப் பிடித்த நிறம் என்று சொல்லி அக்காவை ஒரே வாயில் கட்சி மாற்றினாள். அழைப்பிதழ் என்று பேச்சு வந்தபோது மட்டும் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தாள். “என்ற பேரு தனி வரியில இருக்கோணுமுங்க. முன்னால ஒண்ணும் வேண்டாம், பின்னால ஒண்ணும் வேண்டாம்.” அவ்வளவுதான். ஏன் என்று அவன் கேட்கவில்லை, ஆனால் அவளே சொன்னாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு கல்யாணம் நடந்து இரண்டு வருஷத்தில் கோர்ட்டில் முடிந்துவிட்டது. ஆள் போய்விட்டான், பெயர் போகவில்லை. ரேஷன் கார்டில், பேங்கில், கேஸ் புத்தகத்தில், பால் சங்கத்து வருகைப் பதிவேட்டில் என்று அவள் பெயருக்குப் பின்னால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு நின்றது. அதை ஒவ்வோர் இடமாகப் போய் உரித்து எடுக்க நாலு வருஷம் ஆனது. “பலாப்பழம் அறுத்த கை மாதிரிங்க,” என்றாள், “எண்ணெய் போட்டாலும் போகல.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. சென்னிமலை முருகன் கோயில் படிக்கட்டில் நின்றால் எப்படியோ அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து, “தனி வரிதானுங்க, அது என்ற பொழப்பே,” என்றான். பதினேழு வருஷமாக இணையப் பக்கம் கட்டித் தருகிற வேலை அவனுக்கு. அவன் இதுவரைக்கும் இறக்கிவிட்ட வரிகளை நீட்டி முடிச்சுப் போட்டால் பவானி கூடுதுறையில் ஒரு முனையைக் கட்டி இமயமலையில் துணி காயப் போடலாம். அப்படிப்பட்டவனிடம் ஒரு பெண் கேட்டது ஒரே ஒரு வரி.

கத்தி இடது கிருதாவிலிருந்து கீழே இறங்கியது. சர்ரென்ற அந்தச் சத்தம் காதுக்குள் கேட்பது அவனுக்கு எப்போதும் பிடிக்கும், யாரோ தலைக்குள் உட்கார்ந்து அப்பளம் உடைப்பதுபோல. “தம்பிக்கு நுரையில நரை தெரியலீங்க, இப்படியே மண்டபத்துக்கு வந்தா நல்லாருக்கும்,” என்றார் வையாபுரி. “வந்தா வாழ்த்த மாட்டீங்களாண்ணா,” என்றான் வாயை அதிகம் அசைக்காமல். கொங்குக் கல்யாணங்களில் மங்கல வாழ்த்துச் சொல்வது சவரத் தொழில் செய்கிறவர்தான்; அவன் கல்யாணத்தில் சொல்லப் போகிறவர் வையாபுரி. அவள் பெயரையும் தன் பெயரையும் இந்த மனிதர் குரலெடுத்துச் சொல்வதை நினைத்ததும் வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது, குளிரூட்டும் நிலையத்தின் கதவைத் திறந்ததுபோல. அந்தக் கதவுக்குள்தான் அவளை முதலில் பார்த்தான். சங்கத்துக்கு ஒரு பக்கம் செய்து கொடுத்திருந்தான். பால் ஊற்றுகிறவர் பெயரும் பாலின் கொழுப்பு அளவும் சுவரில் மாட்டிய திரையில் வரியாக வர வேண்டும். வந்தது எல்லாம் ஒரே ஓட்டமாக வந்தது. ராசம்மாள் நாலு புள்ளி இரண்டு காளியண்ணன் மூணு புள்ளி ஒன்பது கருணைக்கொழுந்து நாலு புள்ளி ஏழு என்று யார் பால் யாருடையது என்றே தெரியாமல் நூறு பேர் ஓடினார்கள். தலைவர் முதல் காவலாளி வரைக்கும் திரையை அண்ணாந்து பார்த்து ஆஹா என்றார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தி மட்டும் கையில் சோதனைக் குழாயோடு வந்து நின்றாள். “ஏனுங்க, எல்லாத்தையும் ஒரே கேன்ல ஊத்திட்டீங்களே.” அவனுக்குக் காது சூடாகியது. எந்தத் தொழில்காரனும் தன் தொழிலில் உள்ள குற்றத்தை இவ்வளவு சுத்தமாக இன்னொரு தொழில்காரி சொல்லிக் கேட்டிருக்க மாட்டான். ஒரே ஒரு குறி விட்டுப்போயிருந்தது, போட்டான், நூறு பேரும் வரிசையில் இறங்கி நின்றார்கள். அவள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அந்த டீயில் தண்ணீரே இல்லை.

விஷயம் இத்தனை சின்னதுதான். எழுதுகிற பெட்டியில் எண்டர் தட்டினால் வரி இறங்கும், கண்ணால் பார்க்கலாம். அதையே இணையப் பக்கத்தில் ஏற்றினால், பிரவுசர் என்கிற பிராணி எண்டரை விழுங்கிவிட்டு ஒரே ஓர் இடைவெளியை ஏப்பமாக விடும். பத்து எண்டர் போட்டாலும் ஒரு ஏப்பம்தான். வரி இறங்கியே ஆக வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒவ்வோர் எண்டரோடும் சேர்த்து அந்தப் பிராணிக்குப் புரிகிற பாஷையில் பிஆர் என்று ஒரு குறி போட்டு அனுப்ப வேண்டும், இல்லை, எண்டரை மதித்து நட என்று பக்கத்தின் அலங்காரக் கோப்பில் ஓர் உத்தரவு எழுதி வைக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். இவன் கல்யாண ஆசையில் இரண்டையும் போட்டுவிட்டான். ஒரு வேலைக்கு இரண்டு ஆள் வைத்ததுபோல, ஒருவன் ஒரு தடவை இறக்க மற்றவனும் ஒரு தடவை இறக்கி, வரிக்கும் வரிக்கும் நடுவில் பெரிய பள்ளம். நேற்றுச் சாயங்காலம் அக்கா சரோஜினி பார்த்துவிட்டு, “ஏன்டா, பேருக்கும் பேருக்கும் நடுவால எரும படுத்து அசை போடலாமாட்ட இருக்குது,” என்றாள். உடனே ஓர் ஆளை வேலையைவிட்டு நிறுத்தினான், பிஆர் போடுகிறவனை. இன்று காலையில் எழுந்து பார்த்தான், எருமை அப்படியே படுத்திருந்தது. சரி, நேற்று நிறுத்தியது சேமிக்கப்படவில்லை போல என்று நினைத்து, இன்று ஓர் ஆளை நிறுத்தினான், அலங்காரக் கோப்பில் இருந்த உத்தரவை. அப்புறம் திறந்து பார்த்தபோது வரிகள் அளவெடுத்ததுபோல நின்றன. பெரியோர்கள் நல்லாசியுடன் என்று ஒரு வரி. கீழே கோகிலவாணி. அதற்குக் கீழே சென்னியப்பன். அதற்கும் கீழே திருமண விழா. பார்த்துக்கொண்டே இருந்தான். வலது மூலையில் அந்த இரண்டு சின்னச் சாய்கோடுகள்கூட அழகாக இருந்தன.

கத்தி தாடை எலும்பைத் தொட்டுத் திரும்பியபோது அந்த இரண்டு சாய்கோடுகளும் அவன் மனசில் முள்ளாக ஏறின. சாய்கோடு எங்கே இருந்து வந்தது. கல்யாணப் பக்கத்தில் அவன் சாய்கோடு எதுவும் வரையவில்லை. மாவிலைத் தோரணம் வரைந்தான், இரண்டு குத்துவிளக்கு வைத்தான், மூலையில் ஒன்றும் வைக்கவில்லை. அந்த மாதிரி இரண்டு சாய்கோடுகள் வருகிற இடம் உலகத்தில் ஒன்றுதான், எழுதுகிற பெட்டி. பெட்டியைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்க மூலையில் பிரவுசர் வைத்துக் கொடுக்கிற கைப்பிடி அது. அப்படியானால் அவன் பார்த்தது பக்கத்தை இல்லை. பெயர்களைத் திருத்துகிற பெட்டியைப் பார்த்துவிட்டு, ஆஹா என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான். பெட்டிக்குள் வரி இறங்கத்தான் செய்யும், அங்கே எண்டர் எண்டராகவே இருக்கும், அதற்கு எவன் உத்தரவும் வேண்டாம். சேர்ந்து ஒரு வாரம் ஆன பயிற்சிக்காரர்கள்கூட இந்தத் தப்பைச் செய்துவிட்டு அவனிடம் பேச்சு வாங்கியிருக்கிறார்கள். பொறு, பொறு. அப்படியானால் காலையில் எருமை ஏன் படுத்திருந்தது. நேற்று நிறுத்தியது சேமிக்கப்படவில்லையா, இல்லை, சேமித்தும் பிரவுசர் நேற்றுச் சமைத்த பழைய பக்கத்தையே சூடு பண்ணிக் காட்டியதா. முதலாவது என்றால் ஓர் ஆள் இன்னும் வேலையில் இருக்கிறான், எல்லாம் சுபம். இரண்டாவது என்றால் நேற்று ஒருவன் போய், இன்று இன்னொருவனும் போய், பக்கத்தில் வரி இறக்க ஆளே இல்லை. நேற்று சேமித்தானா. அக்கா காபி கொண்டுவந்தாள், தளும்பியது, துணி எடுக்கப் போனான். துணிக்கு முன்னாலா பின்னாலா. சேமிக்கும்போது வலது கீழே ஒரு பச்சை டிக் வரும். வந்ததா. பச்சை நினைவிருக்கிறது. அது டிக்கின் பச்சையா, துடைத்த துணியின் பச்சையா.

துணி பச்சை இல்லை. துணி அக்கா புருஷனின் பழைய வேட்டிக் கிழிசல், வெள்ளை, கரை மட்டும் பச்சை. கரை தெரியும்படியா துடைத்தான். “தம்பி, தொண்டக்குழிய அசைக்காதீங்க,” என்றார் வையாபுரி, “எச்சி முழுங்கோணும்னா சொல்லிப்போட்டு முழுங்குங்க.” முழுங்கினால் கத்தி ஏறும், முழுங்காவிட்டால் பயம் ஏறும். கடிகாரம் ஒன்பது ஐம்பத்தெட்டு, கழித்தால் ஐம்பத்தொன்று. இப்போது அவள் கடைசிக் கேனில் கரண்டி விட்டுக் கலக்கிக்கொண்டிருப்பாள். ஒன்பது நிமிஷத்தில் பக்கத்தைத் திறப்பாள். பெரியோர்கள் நல்லாசியுடன் கோகிலவாணி சென்னியப்பன் திருமண விழா என்று ஒரே கேனில் ஊற்றியதுபோல ஓடும். அது ஓடுவதுகூடப் பெரிதில்லை. கோகிலவாணி சென்னியப்பன். அவள் பெயருக்குப் பின்னால், நடுவில் ஒரு ஏப்பம் இடைவெளி விட்டு, இன்னோர் ஆம்பிளையின் பெயர். நாலு வருஷம் உரித்த இடத்தில் புதுசாக ஒரு சுளை. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போதே ஒட்டிக்கொண்டான் பார் என்று நினைப்பாளா. நினைக்க மாட்டாள், அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் மோசம். டம்ளரைக் கீழே வைப்பாள். இந்த ஆளும் கேட்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டான், செய்யும்போது அவனுக்குத் தோதாகச் செய்தான் என்று மனசுக்குள் ஒரு குழாயை எடுத்து அவனை ஊற்றி அளந்துவிடுவாள். அவள் அளவு தப்பாது. “வையாபுரியண்ணா, போன் உசுரு வந்துருச்சாப் பாருங்க.” அவர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். “பேட்டரிப் படம் வந்துருக்குதுங்க. செவப்பா ஒரு கோடு. பால் பத்தாத கொழந்தையாட்ட இருக்குது, சித்தெ இருங்க.”

எழுந்து ஓடலாம். துணியை வீசிவிட்டு, ஒரு கன்னம் மொழுமொழுவென்றும் மறு கன்னம் பஞ்சுமிட்டாய் மாதிரியும், பெருந்துறை சாலையில் மாப்பிள்ளை ஓடுகிறான் என்று ஊரே வேடிக்கை பார்க்க ஓடலாம். வீட்டுக்குப் பதினைந்து நிமிஷம், கம்ப்யூட்டர் விழிக்க இரண்டு நிமிஷம். எப்படியும் அவள் முந்திவிடுவாள். வையாபுரிக்கு இவன் தவிப்பு புரியவில்லையோ, புரிந்துதான் செய்தாரோ, வலது கன்னத்து நுரையை இன்னொரு தடவை பிரஷ்ஷால் சுழற்றிக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தார். “காங்கயத்துல ஒரு கல்யாணமுங்க தம்பி. நாந்தான் வாழ்த்துச் சொல்றேன். ஒரு வரி சொல்லி முடிச்சா மேளக்காரன் ஒரு தட்டுத் தட்டோணும். டம்முன்னு அது விழுந்தாத்தான் நா நிறுத்தி மூச்சு வாங்கறது, அதுதான் மொறை. அன்னைக்குப் பாத்து மேளக்காரன் பழனியாண்டி, முந்தின நாள் மூணு மண்டபம் வாசிச்ச அலுப்புல, தூக்கின கை தூக்கினபடி ஒறங்கிட்டானுங்க. எனக்குத் தட்டு விழுகல. தட்டு விழுகாம நிறுத்தப்படாது. மாப்பிள்ளைய வாழ்த்தினேன், பொண்ண வாழ்த்தினேன், ரெண்டு பக்கத்து ஒறம்பரையையும் வாழ்த்தினேன், தட்டக் காணோம். பந்தி போடறவன், எல எடுக்கறவன், வாசல்ல நின்ன டவுன் பஸ்சு, அதுல தொங்கிட்டு இருந்தவன் அத்தன பேத்தையும் ஒரே மூச்சுல வாழ்த்தினேன். எது எவனுக்குன்னு எனக்கே தெரியல. மாப்பிள்ளைக்குச் சேர வேண்டிய பதினாறு செல்வமும் சமையக்காரனுக்குப் போயிருச்சு, பொண்ணு பேரு பஸ்சோட போயி ஒட்டிக்குச்சு. மூஞ்சி நீலம் பாரிச்சு நா சாயறேன்.” சென்னியப்பன் தன்னை மறந்து, “அப்பறம்?” என்றான். “பக்கத்துத் தோப்புல ஒரு தேங்கா கழண்டு தகரக் கொட்டாய் மேல விழுந்துச்சுங்க. டம். நிறுத்திப்போட்டேன்.” கத்தியை உள்ளங்கைத் துண்டில் துடைத்தார். “சமையக்காரனுக்கு இப்ப மூணு ஓட்டலு. அந்தப் பஸ்சு முப்பது வருஷமா ஒரு நாள்கூடப் பஞ்சர் ஆனதில்லீங்க, வேணும்னா கேட்டுப் பாருங்க.”

தேங்காய் வேண்டும். இப்போது அவனுக்கு ஒரே ஒரு தேங்காய் வேண்டும், அவள் பெயருக்கும் அவன் பெயருக்கும் நடுவில் விழ. வரி இறக்குகிற மேளக்காரர்கள் இரண்டு பேரையும் அவனே வீட்டுக்கு அனுப்பிவிட்டான். இல்லை, ஒருவன்தான் போனான், மற்றவன் இருக்கிறான், பச்சை டிக் பொய், துணியின் கரைதான் நிஜம். மனசு அங்கேயே போய்ப் போய் நின்றது, டிக்கிலிருந்து துணிக்கு, துணியிலிருந்து காபிக்கு, காபியிலிருந்து அக்காவுக்கு. அக்காவுக்கு ஆரம்பத்திலேயே மனத்தாங்கல், பெண்ணின் பெயர் முதலில் வருவது எந்த ஊர் வழக்கம் என்று. வாசலில் ஒரு லாரி திரும்பி, அதன் கண்ணாடி வெளிச்சம் சலூன் சுவரில் ஒரு நொடி ஓடி மறைந்தது. சோப்பு வாசனை, படிகார வாசனை, காதோரத்தில் வையாபுரியின் சுண்டுவிரல் குளிர்ச்சி. இத்தனைக்கும் நடுவில் சின்னதாக ஒரு சந்தோஷம் வெட்கமில்லாமல் உட்கார்ந்திருந்ததையும் அவன் கவனித்தான். பதினேழு வருஷமாக எத்தனையோ பேருக்கு எத்தனையோ வரி ஒட்டிப்போயிருக்கிறது, ஒரு நாளும் அவனுக்கு எச்சில் விழுங்க முடியாமல் போனதில்லை. இன்று முடியவில்லை. ஒருத்தி என்ன நினைப்பாளோ என்று பயப்படுவதற்கு ஒருத்தி இருக்கிறாள். கடிகாரம் பத்து பதினேழு, கழித்தால் பத்து பத்து. பலகையில் போன் ஒரு தடவை உதறி வெளிச்சம் போட்டது. அவன் கை துணிக்கு அடியிலிருந்து கிளம்பிப் பாதி வழி போகும்போதே அது அடிக்கத் தொடங்கியது. திரையில் கோகிலவாணி என்று பெயர். முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை. இந்தப் போனைச் செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லையே என்று நினைத்தபடி நுரை படாத காதில் வைத்தான்.

“பாத்தனுங்க,” என்றாள்.

பின்னால் கேன்கள் உருளுகிற சத்தம்.

“என்ற பேரு தனியாத்தான் நிக்குது. சொன்னபடி செஞ்சுட்டீங்க.”

இருந்தானா, ஓர் ஆள் இருந்தானா. சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வந்தது அங்கேயே நின்று யோசித்தது. அவள் போன் அவனுக்குத் தெரியும். உள்ளங்கைக்குள் அடங்குகிற பழைய போன், ஈரக்கையில் நழுவி விழுந்து கீறல் விட்டது, புதுசு வாங்கலாம் என்றால் வேண்டாம் என்பவள். கையை எட்ட நீட்டிப் படிப்பதற்காக எழுத்தைப் புளியங்கொட்டை அளவுக்குப் பெரிதாக வைத்திருக்கிறாள். அந்தத் திரையில் ஒரு வரிக்கு ஒரு பெயர்தான் கொள்ளும். இடம் போதாமல் அடுத்த பெயர் தானாகக் கீழே விழும். வரியை இறக்கியது இவன் இல்லை, அந்தப் போனின் அகலம். சும்மா இருந்துவிடலாம். தற்செயலாக நடந்ததற்கு நன்றி வாங்கிக்கொள்வது அவன் தொழிலில் பாதி வேலை, பதினேழு வருஷப் பழக்கம் வாயைச் சரியாக மூடியும் கொடுத்தது. ஒரு நிமிஷத்தில் பக்கத்தைச் சரி செய்துவிட்டால் எவனுக்குத் தெரியப் போகிறது. கண்ணாடியில் ஒரு பக்கம் மழித்த முகம் அவனைப் பார்த்தது. மழித்த பக்கம் அவனுக்கு அறிமுகமே இல்லாத ஒரு மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

“அது நாஞ் செஞ்சதில்லீங்க,” என்றான். “உங்க போன் சின்னது, அதனால எறங்கி நிக்குது. எனக்கு ஒரு தப்பு ஆயிப்போச்சு. பெரிய போன்ல பாத்தா ரெண்டு பேரும் ஒட்டியிருக்கும்.”

அந்தப் பக்கம் கேன் சத்தம் நின்றது.

“தெரியுமுங்க,” என்றாள்.

“தெரியுமா?”

“குழாயச் சாய்ச்சுப் பாக்காம நா எந்த அளவையும் எழுதறதில்ல. எங்க வேல அப்படி. போனப் படுக்க வெச்சேன், உங்க பேரு ஓடி வந்து பக்கத்துல ஒட்டிக்குச்சு. நிமித்தினேன், எறங்கிப் போயிருச்சு. மறுக்காப் படுக்க வெச்சேன், மறுக்கா வந்துச்சு.” குரலில் சிரிப்பு ஏறியது. “நீங்களா சொல்லுவீங்களான்னு இருந்தேன்.”

“கோவமுங்களா?”

“மொத தடவ கோவந்தான். அப்பறம் நாலஞ்சு தடவ பொரட்டிப் பாத்தனுங்களா, ஒட்டறதும் எறங்கறதும் என்ற கையிலதான் இருக்குது. சித்தெ நேரம் அதயே வெளையாடிட்டு இருந்தேன். டீ ஆறிப்போச்சு. ஆனா ஒறம்பரை வீட்டுப் போனையெல்லாம் நா போயி நிமித்திட்டு இருக்க முடியாது. உங்க அக்கா அனுப்பறதுக்குள்ள சரி பண்ணிப்போடுங்க.”

வைத்துவிட்டாள். வையாபுரி கத்தியை மேலே தூக்கிப் பிடித்தபடி, கல்யாண வீட்டில் தட்டுக்குக் காத்திருக்கிறவர் மாதிரியே நின்றார். சென்னியப்பன் நுரை ஒட்டிய கட்டைவிரலால் போனிலேயே உள்ளே நுழைந்து, வீட்டுக்கு அனுப்பிய ஆள்களில் ஒருவனை, ஒரே ஒருவனை, மரியாதையாகத் திரும்பக் கூப்பிட்டான். சேமித்தான். பச்சை டிக் வந்தது, இந்தத் தடவை வாய்விட்டு, “பச்சைங்க,” என்று வையாபுரியிடம் சாட்சி சொல்லிக்கொண்டான். பெட்டியைப் பார்க்கவில்லை, பக்கத்தைப் பார்த்தான், பழைய சமையலைக் கொட்டிவிட்டுப் புதுசாகப் பார்த்தான். மூலையில் சாய்கோடு இல்லை.

கோகிலவாணி.

அதற்குக் கீழே சென்னியப்பன்.

போனைப் படுக்க வைத்தான். பக்கத்தில் அத்தனை இடம் காலியாகக் கிடந்தும் அவன் பெயர் மேலே ஏறவில்லை, சொன்ன இடத்தில் நின்றது. நிமிர்த்தினான், நின்றது. அவள் செய்ததைப்போல மறுபடியும் படுக்க வைத்தான்.

“போனயே எத்தன தடவைங்க பொரட்டுவீங்க,” என்றார் வையாபுரி. “மூஞ்சியப் பொரட்டுங்க. அந்தப் பக்கம் அப்படியே நிக்குது.”

சென்னியப்பன் கன்னத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சொல்லிவிட்டு எச்சில் விழுங்கினான்.